பதினொரு மணி மறு ஒளிபரப்பு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொன்னதில்லை. அதற்கென்று மாலை ஏழரை மணிக்கு ஒரு சீரியல் இருந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அருமனைக்குப் பக்கத்தில், முன்னால் தென்னையும் பின்னால் ரப்பருமாக இருந்த ஓட்டு வீடு. அப்பா கத்தாரில் இருந்தார். வீட்டில் நானும் அம்மாவும், அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும். பெரியம்மா இறந்த பிறகு அவர் எங்களோடு வந்துவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் குரல் எப்போதும் வீட்டின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். நடுவழியில் நின்றால் "உள்ள தள்ளிப் போ மக்ளே" என்று அதட்டுவார். நான் உள்ளே தள்ளிப் போவேன்.

நாலாவது ஆள் மாமி. அப்பாவின் தங்கையை எங்கள் பக்கத்தில் மாமி என்போம். இரண்டு வீடு தள்ளி இருந்தாள். அவள் வீட்டிலும் டிவி இருந்தது. ஆனால் தனியாக உட்கார்ந்து அழுவது அவளுக்குப் பிடிக்காது. ஆகையால் ஏழேகாலுக்கே வந்து, பெரியப்பாவின் சாய்வு நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் இடம் பிடித்துவிடுவாள். சீரியலில் வருகிறவர்களை அவள் சொந்தக்காரர்களாகவே எண்ணியிருந்தாள். ஒரு தடவை சபையில் பெண்கள் கூட்டத்தில், "ஒரு சகோதரிக்குப் புகுந்த வீட்டுல சமாதானம் வேணும்" என்று ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டாள். எல்லோரும் முழங்காலில் நின்று உருக்கமாக ஜெபித்தார்கள். முடிந்ததும் போதகரின் மனைவி, "எந்த வீடு, நான் போய்ப் பாக்கணுமே" என்று கேட்டதற்கு மாமி முகவரி சொல்ல முடியாமல் இருமலை வரவழைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டு நிலவரத்தைச் சொன்னால்தான் சீரியலின் மகிமை புரியும். அத்தான் முறையாகிற கணவனின் அண்ணனோடு தம்பியின் மனைவி முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எழுதாத சட்டம். இதில் கோபதாபம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். பெரியப்பா மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். அம்மா என்னைப் பார்த்து, "பெரியப்பாகிட்ட சோறு ஆயாச்சுன்னு சொல்லு" என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா என்னைப் பார்த்து, "கொஞ்சம் கழியட்டும்னு சொல்லு" என்பார். இரண்டு பக்கமும் எல்லாமே கேட்டுவிடும். ஆனாலும் நான் நடுவில் நின்றாக வேண்டும். என்னைத் தபாலாபீஸாக வைத்துத்தான் அந்த வீடு நடந்தது.

சோறு, சாயா, மாத்திரை போன்ற சில்லறை விஷயங்களுக்கு நான் போதும். பெரிய விஷயம் வந்தால் டிவியைப் பார்த்துப் பேசினார்கள்.

அந்த ஐப்பசியில் பெரிய விஷயம் ஒன்று வந்திருந்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் லேப் டெக்னீஷியனுக்குப் படித்தவள். படித்த சான்றிதழ்கள் பீரோவில் என்னுடைய ஞானஸ்நான உடுப்போடு ஒரே பையில் இருந்தன. மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆள் வேண்டும் என்று கேட்டு, அவளுடைய பழைய சிநேகிதி ஒருத்தி சொல்லிவைத்து, வேலையும் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை நேரில் போய்ச் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்பாவிடம் போனில் கேட்டாள். "அண்ணன் சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணனிடம் யார் கேட்பது? மாமி ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். பெரியப்பா, "பாக்கலாம்" என்றார். எங்கள் குடும்பத்தில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

இந்த நேரம் பார்த்துத்தானா அந்தச் சீரியலிலும் அப்படி ஒரு கட்டம் வர வேண்டும். அதில் கதாநாயகிக்கு பேங்கில் வேலை கிடைத்துவிட்டது. அவள் கணவன் சிங்கப்பூரில். வீட்டில் தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு மாமனார். அவர் வேண்டாம் என்கிறார். இதை மூன்று வாரமாக இழுத்தார்கள். நடுநடுவே மாடிப்படியில் யாராவது இறங்குவார்கள், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். டிவி இருந்த எங்கள் வீட்டு நடு அறையில், அந்த நடுமுறியில், விவாதம் மட்டும் நாளுக்கு நாள் சூடு பிடித்தது.

"அந்த மனுசன் சொல்லுகதுல என்ன தப்பு?" என்று பெரியப்பா டிவியிடம் கேட்பார். "மாப்பிள்ளை வெளிநாட்டுல கெடந்து கஷ்டப்படுதான். வீட்டுல ஒரு ஆளு வேண்டாமா?"

அம்மா சமையலறை வாசலில் நின்றபடி அதே டிவிக்குப் பதில் சொல்வாள். "படிச்ச படிப்பை என்ன செய்யணுமாம்? பரண்ல ஏத்தி வைக்கணுமா?"

"வேலைக்குப் போனா கொம்பு முளைச்சிரும்னு அவளுக்கு நினைப்பு."

"கொம்பு ஏற்கெனவே சில பேருக்கு இருக்கத்தான் செய்யுது."

இப்படிப் போகும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே மாட்டார்கள். மாமி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். எனக்கு இதெல்லாம் சீரியலைப் பற்றிய பேச்சு என்றுதான் பட்டது. அம்மாவுக்கு வேலை கிடைத்திருப்பது தெரியும். பெரியப்பா 'பாக்கலாம்' சொன்னதும் தெரியும். அது வேறு, இது வேறு என்று என் புத்தி பிரித்து வைத்திருந்தது. கபடி போல, அம்மா ஒரு கட்சி, பெரியப்பா ஒரு கட்சி. நான் அம்மா கட்சி. சீரியலில் அந்த மருமகள் எப்படியாவது வேலைக்குப் போய்விட்டால் அம்மா ஜெயித்துவிடுவாள், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து மழை. ரப்பர் மரக் கொம்பு ஒன்று ஒடிந்து கம்பிமேல் விழுந்ததில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊரில் ஐப்பசியில் அது வழக்கம்தான். ஆனால் முந்தின நாள் சீரியலை நிறுத்திய இடம் அப்படி. மருமகள் வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு பூஜை அறை முன்னால் நிற்கிறாள், மாமனாரின் செருப்பு மட்டும் படியில் இறங்கி வருகிறது, தொடரும். பெரியப்பா ஏழு மணி வரைக்கும் பொறுமையாக இருந்தார். பிறகு மின்வாரியத்தைக் கொஞ்ச நேரம் விசாரித்தார்.

பக்கத்தில் இன்வெர்ட்டர் இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும். ஆனால் டீச்சரின் வீட்டுக்காரருக்கும் பெரியப்பாவுக்கும் நாலு வருசமாக வழித் தகராறு. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டார் என்று இவர், தள்ளவேயில்லை என்று அவர். பெரியவர்கள் யாரும் அந்த நடையில் கால் வைக்க முடியாது. மாமிக்குப் போக ஆசைதான். பெரியப்பா தொண்டையைச் செருமியதும் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் அங்கே டியூஷன் படிக்கிறவள், எனக்குத் தடை கிடையாது.

ஆக என்னை அனுப்பினார்கள். மாமி குடையைத் தந்தாள். அம்மா, "ஒண்ணையும் விடாம பாத்துட்டு வரணும், கேட்டியா" என்றாள். பெரியப்பா டார்ச்சைக் கையில் தந்து, "விளம்பரம் வந்தா வேடிக்கை பாத்துட்டு இருக்காத. முடிஞ்ச உடனே ஓடி வந்திரு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டீச்சர் வீட்டில் முட்டுக்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். மாமனார் படியிறங்கி வந்தார். மருமகளைப் பார்த்தார். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். பிறகு யாரும் ஒன்றும் கேட்காமலே அவள் அந்த உத்தரவை நாலாகக் கிழித்து விளக்கின் முன்னால் வைத்துவிட்டு, காப்பி போட்டுக்கொண்டு வந்து மாமனாரின் கையில் கொடுத்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவதான் குடும்பத்துக்கு ஏத்தவ" என்றார். டீச்சர் பதினெட்டு வருசமாக வேலைக்குப் போகிறவர்.

திரும்பி வருகிற வழி முழுக்க, பெரியப்பா "கண்டியா" என்று சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தைதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். அவள் பாத்திரம் உருட்டுகிற நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் எமர்ஜென்சி விளக்கு வைத்து மூன்று பேரும் காத்திருந்தார்கள். மாமி, "என்னட்டி ஆச்சு?" என்றாள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கர்த்தர் சாட்சி. மாமனார் படியிறங்கி வருகிற வரைக்கும் உண்மையாகவே சொன்னேன். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைப் பேப்பரை டீச்சர் கையில் வைத்துக்கொண்டு மார்க்கைச் சொல்லாமல் நிற்கும்போது எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தாள் அம்மா.

"மாமனாரு அந்தக் கடுதாசியை வாங்கி வாசிச்சாரு" என்றேன். "வாசிச்சுட்டு, நீ போயிட்டு வா மக்ளே, வீட்டை நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லியாச்சு."

சென்னையில் மாடி வீட்டில் வாழ்கிற அந்தப் பணக்கார மாமனார் என் வாயில் சுத்தமான அருமனைத் தமிழ் பேசினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தொடங்கிய பொய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. "சாயங்காலம் ஸ்கூல் வேன் வரும்பம் பிள்ளையைக் கூட்ட நான் போய் நிப்பேன், நீ ஒண்ணும் வெப்ராளப்படாதன்னும் சொன்னாரு" என்றேன்.

"அவளுக்கு ஏதுட்டி பிள்ளை?" என்று மாமி கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்றேன்.

மாமிக்கு அது போதுமானதாக இருந்தது. மூக்கை உறிஞ்சி, "நல்ல மனுசன், நல்ல மனுசன்" என்று அழத் தொடங்கினாள். அம்மா உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் ஒன்றும் வரவில்லை. பெரியப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே எத்தனையோ வருசம் பிடித்தவர் அவர். "அப்படியா சொன்னான்?" என்றார். "ஆமா" என்றேன். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அன்றைக்குச் சந்தோசமாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடில்தான் பகீரென்றது. அந்தச் சீரியலுக்குப் பதினொரு மணிக்கு மறு ஒளிபரப்பு உண்டு. பெரியப்பா அதை ஒரு நாளும் தவறவிட மாட்டார். இரவு பார்த்தது சரிதானா என்று காலையில் இன்னொரு தடவை சோதித்துப் பார்த்துவிடுவார். வெள்ளிக்கிழமை என்பதால் அம்மாவும் மாமியும் உபவாச ஜெபத்துக்குச் சபைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் பெரியப்பா மட்டும் தனியாக, ரிமோட்டோடு.

மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெபித்தேன். கர்த்தாவே, எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வர வேண்டாம். வந்தாலும் இன்னொரு கொம்பு ஒடிந்து கம்பிமேல் விழட்டும், ஆனால் யார் தலையிலும் விழ வேண்டாம். பதினொன்று முதல் பதினொன்றரை வரைக்கும் போதும். தலைக்குமேல் மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மழையும் நின்றுபோயிருந்தது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தபோது முற்றத்திலேயே தெரிந்துவிட்டது. நடுமுறியில் லைட் எரிந்தது. மாமி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் காரணமே வேறு. உபவாச ஜெபத்தில் ஜெபத்துக்கும் சாட்சிக்கும் நடுவில் பெண்கள் சீரியலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பசியோடு இருக்கும்போது பேச வேறு என்ன இருக்கிறது?

"ஏட்டி, இங்க வா" என்றாள் மாமி. "அவ கடுதாசியைக் கிழிச்சுப் போட்டான்னு சபையில அத்தனை பேரும் சொல்லுதாவ. மாமனாரு ஒரு வார்த்தை பேசலியாமே. நீ நேத்து எங்ககிட்ட என்ன கதை அளந்த?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சபையிலிருந்து வந்த நேரத்திலிருந்து அவள் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. சேலைகூட மாற்றவில்லை. அழுதுவிடலாம் என்று உதட்டைப் பிதுக்கினேன்.

"அவளுவ கெடக்குதாளுவ" என்று சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "ஜெபம் பண்ணப் போன எடத்துல இதுதான் பேச்சா? பத்து மணிக்கே இங்க கரண்டு வந்தாச்சு. பதினொரு மணிக்கு நான் இருந்து முழுசும் பாத்தேன். பிள்ளை சொன்னது மாதிரிதான் இருந்து."

மாமியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "உள்ளதா அண்ணா? அப்ப கிழிக்கலியா?"

"கிழிக்க என்ன இருக்கு? மாமனாரே போயிட்டு வான்னு சொல்லியாச்சு. வேன் காரியமும் சொன்னான்." பெரியப்பா அணைந்து கிடந்த டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனி அந்தச் சீரியல் இந்த வீட்டுல ஓடாண்டாம். நல்ல எடத்துல வந்து நின்னாச்சு. இழுத்தா கெடுத்துருவான். இன்னையிலயிருந்து மலையாளம் வச்சாப் போதும்."

பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மார்த்தாண்டத்துக்கு எத்தனை மணிக்குப் போகணும்னு கேளு. நானும் கூட வாறேன்."

நான் அம்மாவின் பக்கம் திரும்பி, அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுந்து நின்றிருந்தாள். என் தலைக்கு மேலாக அவரையே பார்த்து, "பத்து மணிக்கு அத்தான்" என்றாள்.

ஐந்து வார்த்தைகூட இல்லை. மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, நேராகப் பதில் சொல்வதா என்னிடம் சொல்வதா என்று கொஞ்ச நேரம் திண்டாடினார். கடைசியில், "அப்ப ஒம்பதே காலு பஸ்ஸுக்குப் போவோம். அதுலதான் இருக்க எடம் கிடைக்கும்" என்று பொதுவாகச் சொன்னார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வேலை கிடைத்தால் எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை தபாலாபீஸை மூடிவிட்டார்களோ என்று என் உத்தியோகத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது. அம்மா இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கீழே இப்போது ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு என் மண்டையைக் குடைந்தது வேறு விஷயம். டீச்சர் வீட்டில் அவள் நாலாகக் கிழித்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சபைப் பெண்களும் அதையேதான் பார்த்திருக்கிறார்கள். பெரியப்பா பார்த்தபோது மட்டும் கிழிக்கவில்லை. பெரியப்பா பொய் சொல்வார் என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை. பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். கரண்டைத்தான் நிறுத்தச் சொல்லி ஜெபித்தேன். கர்த்தர் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்துவிட்டார் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மாமியும் இருந்தாள். பைபிளில் சின்ன அதிகாரமாகப் பார்த்து வாசித்து முடித்ததும், என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். அப்பாவுக்காக ஜெபித்தேன், பரீட்சைக்காக ஜெபித்தேன். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இன்னைக்குப் பதினோரு மணிக்கு எங்க வீட்டுல நீர் செய்த அற்புதத்துக்காக ஸ்தோத்திரம்" என்றேன்.

அம்மாவிடமிருந்து ஒரு விம்மல் கேட்டது. அதன்மேல், பஸ் புறப்படுவதற்குக் குரல் கொடுக்கிற அதே தொண்டையில், பெரியப்பா "ஆமென்" என்றார்.

என்ன அற்புதம் என்று மாமி கேட்டாள். சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று நான் வாயைத் திறக்கவில்லை. கர்த்தர் எனக்காக ஒரு சீரியலையே மாற்றிக் காட்டினார் என்று அதற்குப் பிறகும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.